ஸ்கோப்பி ரிப்போர்ட் நார்மல், வயிறு மட்டும் எரிகிறது

கேள்வி: எனக்கு 43 வயது. நாலு மாதமாக மேல் வயிற்றில் எரிச்சல், ரெண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு அடைத்துக்கொள்கிறது. எண்டோஸ்கோப்பி எடுத்தோம், ஒன்றுமே இல்லை. ‘டென்ஷன்தாம்மா’ என்று டாக்டர் அனுப்பிவிட்டார். கணவரோ ‘எல்லாம் உன் நினைப்பு’ என்கிறார். என்னைக் கேட்காமல் என் நகையைத் தன் தம்பிக்காக அடகு வைத்ததிலிருந்து எங்களுக்குள் சரியான பேச்சு இல்லை. சண்டைக்கும் வயிற்றுக்கும் சம்பந்தம் இருக்குமா?
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: இருக்கும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு விஷயம். ஸ்கோப்பியில் புண் தெரியும், கட்டி தெரியும். சோறு இறங்கும்போது இரைப்பை எவ்வளவு விரிந்து கொடுக்கிறது, அதன் நரம்புகள் எவ்வளவு சீக்கிரம் பதறுகின்றன என்பதெல்லாம் அந்தக் கேமராவில் விழாது. இதற்கு ஃபங்ஷனல் டிஸ்பெப்ஸியா என்று பெயரே இருக்கிறது, மருந்தும் இருக்கிறது, அதனால் ‘டென்ஷன்’ என்று கேட்டதோடு திரும்பிவிடாமல் இன்னொரு தடவை போய் வாருங்கள். (எடை குறைந்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ அன்றைக்கே.)

சண்டை உடம்புக்குள் இறங்கும் என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் ஆதாரம் கொஞ்சம் விசித்திரமானது. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர், அவர் கணவர் ரொனால்ட் கிளேசர் இருவரும் 42 தம்பதிகளை ஒரு நாள் மருத்துவமனையில் தங்கவைத்து, முன்கையில் சின்னக் கொப்புளப் புண்களை உண்டாக்கி, ஆதரவாகப் பேசிக்கொள்ளச் சொன்னார்கள். பிறகு இன்னொரு தடவை வரவழைத்து அதேபோல் புண் உண்டாக்கி, வீட்டில் தீராத தகராறை எடுத்துப் பேசச் சொன்னார்கள். தகராறு பேசிய தடவை புண் ஆற ஒரு நாள் கூடுதலாகப் பிடித்தது. குத்திக்குத்திப் பேசிய ஜோடிகளுக்கோ, மற்ற ஜோடிகளின் வேகத்தில் 60 சதவீதம்தான். 2005இல் வெளியான ஆய்வு இது. அத்தனை ஜோடியும் தகராறைத்தான் பேசினார்கள், பேசிய விதம்தான் வேறு.

உங்கள் வீட்டில் பேச்சே இல்லை என்கிறீர்கள். ‘அப்பாகிட்ட சொல்லு, சோறு ஆறுது’ என்று பிள்ளை வழியாகத் தூது போகும் வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். சத்தம் இல்லைதான், ஆனால் தட்டு முன்னால் உட்காரும்போதே உடம்பு சண்டைக்குத் தயாராகிவிடுகிறது, அட்ரினலின் ஏறி, வயிற்றுக்குப் போகிற ரத்தம் குறைந்து, செரிமானம் மந்தமாகிறது. அப்புறம் எப்படிச் சோறு இறங்கும்?

கேட்காமல் எடுத்தது அவர் தப்புதான், அதை விழுங்கிக்கொள்ளச் சொல்ல மாட்டேன். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். ஒரு சாயங்காலம் வெளியே நடந்துகொண்டே கேளுங்கள்: எப்போது மீட்பது, மாதம் எவ்வளவு கட்டுவது, தம்பி பங்கு எவ்வளவு. ‘உங்க குடும்பமே இப்படித்தான்’ என்பது நாக்கு நுனிக்கு வரும், வராமல் இருக்காது. அப்போது ‘ராத்திரி ஒன்பது மணிக்கு மறுபடி பேசலாம்’ என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். சொல்லாமல் போனால் அதுவும் பழைய மௌனக் கணக்கில் சேர்ந்துவிடும். இருவராலும் ஆகவில்லையென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: அப்பா இறந்த மறுநாள் அம்மாவுக்கு (66) நெஞ்சு வலி. ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை. ‘துக்கத்தால் இதயம் பலவீனமாகிவிட்டது’ என்கிறார் டாக்டர். அப்படியெல்லாம் உண்டா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: உண்டு. தகோட்சுபோ என்று பெயர், ஜப்பானில் ஆக்டோபஸ் பிடிக்கும் குடம். அதிர்ச்சியில் இடது இதய அறை அந்தக் குடம் மாதிரி கழுத்து குறுகி, அடி உப்பிப் போகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும், ஆனால் ஆரம்ப நாட்களில் ஆபத்தும் உண்டு, அதனால் மாத்திரையை நிறுத்தாமல், எக்கோவுக்குச் சொன்ன தேதியில் கூட்டிப்போங்கள். காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பியிருப்பார்களே, ராத்திரி அம்மா பக்கத்தில் படுக்க யாராவது இருக்கிறார்களா?