பாட்டுப் போடுகிற ஆளுக்கு கன்ட்ரி இசை உலகில் ஏன் இவ்வளவு மரியாதை?

அமெரிக்காவில் கன்ட்ரி இசை (அங்கத்திய நாட்டுப்புறப் பாட்டிலிருந்து வளர்ந்த இசை) வானொலித் தொகுப்பாளர் ஒருவரின் வாழ்க்கை எப்படிப் போகும், பாடகர்களுக்கு நடுவே அவர்களுக்கும் ஏன் புகழ் மண்டபத்தில் (சாதனையாளர்களைக் கௌரவிக்கும் 'ஹால் ஆஃப் ஃபேம்') இடம் தருகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பொதுவாகச் சொன்னால் சப்பென்று இருக்கும். ஒரே ஆளை எடுத்துக்கொள்கிறேன்: ரால்ஃப் எமரி. இந்தத் தொழிலில் அவர் தொட்ட உயரத்தை இன்னொருவர் தொடவில்லை என்பது என் கட்சி.

1933 மார்ச்சில் டென்னசி மாநிலத்தின் மெக்யூவன் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். அப்பா குடிப்பழக்கத்தில் விழுந்தவர். சிறுவயதின் பெரும்பகுதி தாத்தா பாட்டியின் பண்ணையில் கழிந்தது. பிறகு நாஷ்வில், மாநிலத்தின் தலைநகரம், கன்ட்ரி இசையின் தலைமையிடம். தியேட்டரில் வருகிறவர்களுக்கு இருக்கை காட்டும் வேலை, கடையில் சரக்கு அடுக்கும் வேலை என்று காசு சேர்த்து, ஒலிபரப்புப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர் ஜான் ரிச்பர்க். கறுப்பினக் கலைஞர்களின் இசைத்தட்டுகளை இரவில் நாடு முழுக்கக் கேட்கவைத்த வெள்ளைக்கார அறிவிப்பாளர் அவர். அவரையும் கறுப்பினத்தவர் என்றே நம்பிய நேயர்கள் ஏராளம். எமரிக்கு முதல் வேலை பாரிஸில். பிரான்ஸ் இல்லை, டென்னசியிலேயே ஒரு பாரிஸ் இருக்கிறது. அப்புறம் ஒன்றிரண்டு சின்ன நிலையங்கள். 1957-ல், 24 வயதில், நாஷ்வில்லின் டபிள்யூ.எஸ்.எம். நிலையத்தில் இரவு வேலை கிடைத்தது.

கதையின் முக்கியமான இடம் இதுதான். நள்ளிரவு நேரம் என்பது பொதுவாக எந்த வானொலியிலும் புதிதாக வந்தவர் தலையில் கட்டுகிற நேரம். ஆனால் டபிள்யூ.எஸ்.எம்.-இன் கணக்கே வேறு. அது 50,000 வாட் சக்தியில் 650 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் மத்திய அலை நிலையம். பகலில் வான்மண்டலத்தின் கீழடுக்கு ஒன்று மத்திய அலைகளை உறிஞ்சிவிடும். பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கரைந்துவிட, அலைகள் இன்னும் மேலே போய்ப் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இறங்கும். போதாததற்கு, அந்த அலைவரிசையில் இரவில் வேறு நிலையம் குறுக்கிடாதபடி அரசே ஒதுக்கியிருந்தது. ஆக, ஊர் தூங்கும் நேரத்தில்தான் அந்த நிலையத்துக்கு நேயர்கள் அதிகம். தெற்கு மாநிலங்கள் மட்டுமில்லை, நாட்டின் பாதிக்கும் மேல் அவர் குரல் போய்ச் சேர்ந்தது.

வேலை விஷயமாக நாஷ்வில் பக்கம் இருந்த காலத்தில் 65-ஆம் எண் நெடுஞ்சாலையில் போகும்போதெல்லாம் அந்த நிலையத்தின் கோபுரத்தைப் பார்ப்பேன். பிரென்ட்வுட்டில் நிற்கிறது. 1932-ல் கட்டியது, 800 அடிக்கும் மேல் உயரம். நடுவில் பருத்து, மேலும் கீழும் கூம்பி, செங்குத்தாக நிறுத்திய வைரம் மாதிரி இருக்கும். அடியில் மொத்த எடையும் ஒரு சின்ன பீங்கான் முனையில் இறங்குவதைப் பார்த்தால் கொஞ்சம் பயமாகக்கூட இருக்கும்.

இந்த நிலையத்தை 1925-ல் தொடங்கியது ஒரு ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி என்பது பலருக்குத் தெரியாது. 'லட்சக்கணக்கானோரைக் காக்கிறோம்' என்ற அவர்கள் விளம்பர வாசகத்தின் ஆங்கில முதலெழுத்துகள்தான் டபிள்யூ.எஸ்.எம். அதே ஆண்டு நவம்பரில் ஆரம்பித்த சனிக்கிழமை நாட்டுப்புற இசை நிகழ்ச்சிதான் பிற்பாடு கிராண்ட் ஓல் ஓப்ரி என்ற புகழ்பெற்ற கன்ட்ரி மேடை நிகழ்ச்சி ஆனது. பாலிசி விற்க வந்த ஏஜென்ட்டுக்கு அந்தப் பாட்டுகள்தான் கதவைத் திறந்துவிட்டன.

சரி, எமரிக்கு வருவோம். லாரி ஓட்டுநர்களும் இரவு ஷிப்ட்காரர்களும் அவர் நிகழ்ச்சியைக் கேட்டார்கள். கச்சேரி முடிந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்த பாடகர்களும் கேட்டார்கள். ஊருக்குள் நுழைந்ததும் நேராக ஸ்டூடியோவுக்கு வந்துவிடுவார்கள். முன்பதிவு, மேனேஜர் என்ற சம்பிரதாயமெல்லாம் கிடையாது. மார்ட்டி ராபின்ஸ் அடிக்கடி வந்து உட்கார்ந்துவிடுவார். சினிமா கௌபாய் டெக்ஸ் ரிட்டர் 1960-களின் நடுவில் நாஷ்வில்லுக்குக் குடிவந்து, கொஞ்ச காலம் கூடவே நிகழ்ச்சி நடத்தினார். நள்ளிரவு தாண்டிய நேரத்தில் யாரும் மேடைப்பேச்சு பேசுவதில்லை. சண்டை, கடன், விவாகரத்து எல்லாம் வெளியே வரும். எமரியின் கைத்திறமை அங்கேதான். கேள்வி சின்னதாக இருக்கும், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார். எதிரே இருப்பவர் பேசி முடித்ததாக நினைத்த பிறகும் காத்திருப்பார். இன்றைய பேட்டியாளர்கள் பலரிடம் இல்லாதது இந்தக் காத்திருப்புதான்.

அவரும் பாடியிருக்கிறார். வில்லி நெல்சன் எழுதி ஃபாரன் யங் பாடிய 'ஹலோ வால்ஸ்' 1961-ல் பெரிய வெற்றி. அதற்குப் பதில்பாட்டாக எமரி 'ஹலோ ஃபூல்' பாடினார்; கன்ட்ரி தரவரிசையில் 4-ஆம் இடம் வரை போனது. அதோடு சரி. பாடகி ஸ்கீட்டர் டேவிஸைக் கல்யாணம் செய்துகொண்டதும் அந்த நாட்களில்தான். 1960-ல் தொடங்கி 1964-ல் முறிந்தது. இருவரும் தத்தம் சுயசரிதையில் அதை எழுதியிருக்கிறார்கள். இரண்டும் ஒத்துப்போகாது, நாம் நடுவே போகவேண்டாம்.

ஒரு ராத்திரியில் பல மாநிலங்களுக்குப் பாட்டைக் கொண்டுபோகிறவர் கையில் அதிகாரம் சேராமல் இருக்குமா? 1968-ல் பேர்ட்ஸ் என்ற ராக் குழு கன்ட்ரி பக்கம் திரும்பி நாஷ்வில்லுக்கு வந்தது. நீளமுடி வைத்த கலிஃபோர்னியாப் பையன்கள். எமரியின் நிகழ்ச்சிக்குப் போனார்கள். நேரலையிலேயே அவர்களையும் அவர்கள் இசைத்தட்டையும் மட்டம்தட்டினார். வெளியே வந்த ரோஜர் மெக்குயினும் கிராம் பார்சன்ஸும் அந்தக் கோபத்தில் ஒரு பாட்டு எழுதினார்கள்: 'டிரக் ஸ்டோர் டிரக் டிரைவிங் மேன்' (மருந்துக்கடை லாரி ஓட்டும் ஆள்). 1969-ல் வந்த தட்டில், பாட்டின் கடைசியில் "இது உனக்குத்தான், ரால்ஃப்" என்கிற மாதிரி பெயர் சொல்லியே முடிப்பார்கள். அதே ஆண்டு வுட்ஸ்டாக் இசைவிழா மேடையில் பாடகி ஜோன் பேயஸ் கச்சேரியிலும் அந்தப் பாட்டு ஒலித்தது. கன்ட்ரியையும் ராக்கையும் இணைத்ததற்காக இன்று கிராம் பார்சன்ஸைக் கொண்டாடுகிறார்கள். வாசல்காவலர் மாதிரி நின்ற எமரி அன்று ஆளை எடைபோட்டதில் தவறிவிட்டார் என்றுதான் சொல்வேன். எமரியின் ரசிகர்கள் இதை ஏதோ சில்லறை விஷயம் போலக் கடந்துபோவது எனக்குப் பிடிப்பதில்லை.

அதே அதிகாரம் நல்லதற்கும் பயன்பட்டது. 1972-ல் இரவு வானொலியை விட்ட பிறகு, நாஷ்வில்லில் விடிகாலைத் தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்தினார். அதில் ஒரு அம்மாவும் மகளும் பாட வந்தார்கள். வீட்டிலேயே சோப்பு காய்ச்சுவோம் என்று பேச்சுவாக்கில் சொன்னார்கள். எமரிக்குப் பெயர்கள் மனதில் நிற்கவில்லை. 'சோப் சிஸ்டர்ஸ்' என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அவர்கள்தான் நயோமி ஜட், வைனோனா ஜட். சில வருடங்களில் 'ஜட்ஸ்' என்ற பெயரில் 1980-களின் மிகப்பெரிய கன்ட்ரி ஜோடி ஆனார்கள்.

1983 மார்ச்சில் கன்ட்ரி இசைக்கென்றே ஒரு கேபிள் சேனல் தொடங்கியது. அதில் 'நாஷ்வில் நவ்' என்ற நேரலை நிகழ்ச்சியை 1993 வரை நடத்தினார். நாடு முழுக்க அவர் முகம் தெரிந்தது அப்போதுதான். 1991-ல் வந்த சுயசரிதை நன்றாக விற்றது. 2007-ல் வின்ஸ் கில், மெல் டில்லிஸ் ஆகியோரோடு கன்ட்ரி இசைப் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள். 2022 ஜனவரியில், 88 வயதில் காலமானார்.

எல்லாத் தொகுப்பாளர்களின் வாழ்க்கையும் இப்படிப் போனது என்று நினைத்துவிடாதீர்கள். டெக்சஸில் பில் மேக் என்றொருவர். 1969 முதல் ஃபோர்ட் வொர்த்தின் டபிள்யூ.பி.ஏ.பி. நிலையத்தில் இரவெல்லாம் லாரிக்காரர்களுக்காகவே நிகழ்ச்சி நடத்தினார். பாட்டுக்கு நடுவே சாலை நிலவரம், வானிலை. எந்த நெடுஞ்சாலையில் பனி உறைந்திருக்கிறது என்பதை அவரிடம் கேட்டுத்தான் வண்டியைத் திருப்பினார்கள். எமரியிடம் பாடகர்கள் வந்தார்கள், இவரிடம் ஓட்டுநர்கள். அவர் எழுதி 1958-ல் தானே பாடிப் பதிவுசெய்த 'ப்ளூ' அப்போது எடுபடவில்லை. 1996-ல் லீயன் ரைம்ஸ் என்ற 13 வயதுச் சிறுமி பாடி அது பெரிய ஹிட் ஆனது. அடுத்த ஆண்டு சிறந்த கன்ட்ரி பாடலுக்கான கிராமி விருது அதை எழுதிய பில் மேக்குக்குக் கிடைத்தது.

கேட்டுப் பார்க்க ஆசை இருந்தால், டபிள்யூ.எஸ்.எம். இன்னும் 650-இல் ஓடிக்கொண்டிருக்கிறது, இணையத்திலும் வருகிறது. 'நாஷ்வில் நவ்' துண்டுகள் யூடியூப்பில் நிறைய இருக்கின்றன. பாட்டைத் தாண்டிவிட்டுப் பேச்சை மட்டும் கேளுங்கள்.