சென்சார், ஸ்மார்ட் சுவிட்ச் வைத்து வீட்டை நானே ஆட்டோமேட் செய்ய நினைக்கிறேன். முதலில் எதை வாங்குவது?

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். மெயினை ஆஃப் செய்து, டெஸ்டர் வைத்து மின்சாரம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஒவ்வொரு சுவிட்ச் பாக்ஸையும் கழற்றிப் பாருங்கள். உள்ளே நியூட்ரல் வயர் (மின்சாரம் திரும்பிப் போகும் வயர்) இருக்கிறதா, சுவிட்சுக்குப் பின்னால் எவ்வளவு ஆழம் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். என்ன வாங்கலாம் என்பதை அந்தக் குறிப்புதான் சொல்லும். பழைய வயரிங்கில் சுவிட்சுக்குப் பெரும்பாலும் பேஸ் (மின்சாரம் வரும் வயர்) மட்டுமே வரும்; நியூட்ரல் நேராக விளக்குக்குப் போய்விடும்.

நியூட்ரல் இல்லாமல் ஓடும் ஸ்மார்ட் சுவிட்சுகளும் உண்டு. தங்களுக்கு வேண்டிய சிறு மின்சாரத்தை அவை விளக்கின் வழியாகவே எடுத்துக்கொள்ளும். குண்டு பல்பில் இது தெரியாது. 5 வாட் எல்இடி பல்ப் என்றால் அணைத்த பிறகும் மினுக்கலாம். விளக்கின் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே, இதற்கென்றே வரும் பைபாஸ் கெப்பாசிட்டரைப் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனாலும் முடிந்தால் எலக்ட்ரீஷியனை வைத்து நியூட்ரல் இழுத்துவிடுங்கள். நியூட்ரல் உள்ள ஜிக்பீ (ஸ்மார்ட் சாதனங்கள் தங்களுக்குள் பேசும் வயர்லெஸ் முறை) சுவிட்சுகள் பக்கத்துச் சென்சார்களின் சிக்னலையும் வாங்கிக் கடத்தும்; இல்லாதவை பெரும்பாலும் கடத்தாது. பிறகு தூரத்து அறைச் சென்சார் அடிக்கடி காணாமல் போகும்.

ஜிக்பீ டாங்கிளை (அந்தச் சிக்னலைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவரும் சிறு கருவி) யுஎஸ்பி 3.0 போர்ட்டில் நேரடியாகச் செருக வேண்டாம். ஜிக்பீ ஓடும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் அந்தப் போர்ட் இரைச்சல் கிளப்பும். ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டுத் தள்ளி வையுங்கள்.

உடல் வெப்பத்தின் அசைவை உணரும் பிஐஆர் சென்சார் குறுக்கே நடப்பவரை நன்றாகப் பிடிக்கும். நேராக அதை நோக்கி வருபவரைத் தாமதமாகத்தான் பிடிக்கும். அதனால் வாசலுக்கு எதிரே வைக்காமல் பக்கச் சுவரில் வையுங்கள். அசையாமல் உட்கார்ந்து படிப்பவரை அது பார்க்காது, விளக்கு அணைந்துவிடும். அங்கே எல்டி2410 போன்ற ரேடார் சென்சார் வேண்டும். ஆனால் அதற்கு ஓடும் ஃபேனும் ஆடும் திரைச்சீலையும்கூட ஆள்தான். அதன் தூரம் 0.75 மீட்டர் கட்டங்களாகப் பிரிந்திருக்கும். ஃபேன் விழும் கட்டத்தின் உணர்திறனை மட்டும் குறையுங்கள்.

ரிலேயில் (ஸ்மார்ட் சுவிட்சுக்குள் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பாகம்) 10 ஆம்பியர் என்று போட்டிருப்பது பொதுவாக ஹீட்டர் வகைச் சுமைக்கான கணக்கு. மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும். ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால் நீங்கள் அணைத்தாலும் அணையாது. 2000 வாட் வாட்டர் ஹீட்டரும் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் எடுக்கும். வரம்புக்கு இவ்வளவு அருகே வெகுநேரம் ஓடினால் டெர்மினல் சூடேறும். இரண்டுக்கும் தகுந்த அளவில் கான்டாக்டர் (பெரிய சுமையைத் தாங்கும் ரிலே) போடுங்கள். ஸ்மார்ட் ரிலே கான்டாக்டரை இழுக்கும் காயிலை மட்டும் இயக்கட்டும்.

ஹோம் அசிஸ்டன்ட் (இவை எல்லாவற்றையும் இயக்கும் மென்பொருள்) ஓடும் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, எல்லாச் சுவரிலும் கையால் சுவிட்ச் போட்டுப் பாருங்கள். ஒரு விளக்கு எரியவில்லை என்றாலும் அந்த அமைப்பை மாற்றியாக வேண்டும். இருட்டில் நிற்கும் வீட்டுப் பெரியவரிடம் ஆப்பைத் திறக்கச் சொல்ல முடியாது. மின்சாரம் போய்த் திரும்பும்போது சுவிட்ச் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு செட்டிங் இருக்கும். ஹீட்டருக்கும் மோட்டருக்கும் அதை ‘ஆஃப்’ என்று வைத்து, தானாக அணையும் டைமரையும் அந்த ரிலேக்குள்ளேயே அமையுங்கள். அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும் டைமர் இருந்தால், வைஃபை அறுந்த நேரத்தில் ஹீட்டரை அணைக்க யாரும் இருக்க மாட்டார்கள்.