வாடை வந்தது ஏறும்போதா, இறங்கும்போதா?

கேள்வி: எட்டு வருஷம் ஓடிய பெட்ரோல் கார் ஒன்றை நான்கு மாதம் முன்பு வாங்கினேன். டவுனுக்குள் ஒரு குறையும் இல்லை. போன வாரம் குடும்பத்தோடு கொல்லிமலை போனோம். திரும்பி வரும்போது காரவள்ளி அடிவாரத்தில் டீ குடிக்க நிறுத்தினால், ரப்பர் கருகிய மாதிரி அப்படி ஒரு வாடை. மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பானெட்டைக்கூடத் திறக்காமல், "கிளட்ச் போயிடுச்சு சார், செட்டா மாத்திடணும்" என்று 14,000 ரூபாய் கணக்குச் சொன்னார்கள். கிளட்ச் மிதிப்பதில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஸ்டியரிங்தான் கொஞ்சம் இடப்பக்கம் இழுக்கிறது. அந்தப் பக்கத்து முன் சக்கரம் எவ்வளவு துடைத்தாலும் கறுப்பாகிவிடுகிறது. கிளட்சை மாற்றிவிடலாமா? - வாசகர், ராசிபுரம்

பதில்: பொறுங்கள். கடைசி வரிகளில் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள்.

கிளட்ச் பிளேட்டிலும் பிரேக் பேடிலும் இருப்பது பிசின் கலந்து இறுக்கிய உராய்வுப் பொருள். அளவுக்கு மீறிச் சூடானால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி நாறும். நாம் அதை 'ரப்பர் வாடை' என்கிறோம், அவ்வளவுதான். அதனால் மூக்கை மட்டும் நம்பி எந்த மெக்கானிக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது. வாடை எப்போது வந்தது, எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்க வேண்டும்.

கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது கிளட்சைப் பாதி மிதித்தபடி ஹாஃப் கிளட்சிலேயே திணறினால் கிளட்ச் கருகும். உங்களுக்கு வாடை வந்ததோ இறங்கி முடித்த பிறகு. இறக்கத்தில் உழைப்பது பிரேக். வண்டி இடப்பக்கம் இழுக்கிறது, இடது சக்கரத்தில் மட்டும் கறுப்புப் பொடி படிகிறது என்றால், பிரேக்கிலிருந்து காலை எடுத்த பின்னும் அந்தப் பக்கத்துப் பேட், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டிருக்கிறது என்றே சந்தேகிப்பேன். பெரும்பாலும் பேடை டிஸ்க்கில் அழுத்தும் பிடியான காலிப்பரின் 'பின்'னில் (pin) கிரீஸ் காய்ந்து இறுகியிருக்கும். இல்லாவிட்டால் பேடைத் தள்ளும் பிஸ்டன் துருவேறிச் சிக்கியிருக்கும்.

வீட்டிலேயே பார்க்கலாம். அதிகம் பிரேக் பிடிக்காமல் ஐந்தாறு கிலோமீட்டர் சமதளத்தில் ஓட்டி நிறுத்துங்கள். முன் சக்கரங்கள் இரண்டின் பக்கத்திலும் உள்ளங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொடாதீர்கள், சுட்டுவிடும். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் விஷயம் முடிந்தது. வண்டி ஆறியதும் ஒர்க்‌ஷாப்பில் ஜாக்கி போட்டு, நியூட்ரலில் அந்தச் சக்கரத்தைக் கையால் சுற்றச் சொல்லுங்கள். இறுக்கிப் பிடித்தால் தெரிந்துவிடும். பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்று வரும் கிரீஸ் போடுவது சின்ன வேலை. பேட் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தால் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். அதுவரை மலைப்பக்கம் போகவேண்டாம்.

கிளட்சையும் சோதித்துவிடுங்கள், மனசு ஆறும். மூன்றாவது அல்லது நான்காவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே ஆக்சிலரேட்டரை நன்றாக அழுத்துங்கள். இன்ஜின் மட்டும் உறுமி, வேகம் கூடாமல் இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. இரண்டும் சேர்ந்தே ஏறினால் பிளேட்டுக்கு ஆயுள் இருக்கிறது.

இதற்குப் பிறகும் 'கிளட்ச்தான்' என்று அடம்பிடித்தால், பாகம் தனி, கூலி தனி என்று எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பிளேட்டை உங்கள் கையில் கொடுக்கவேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாதிப் பேர் அந்த ஒரு வார்த்தையிலேயே இன்னொரு தடவை வண்டியைப் பார்ப்பார்கள்! உதிரி பாகங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். பழைய 28 சதவீதக் கணக்கு போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். பில் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

அடுத்த முறை இறங்கும்போது, எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கில் காலை வைத்தபடியே 70 வளைவும் இறங்கினால் நல்ல பிரேக்கும் நாறும். அப்படி நாறினால் ஓரங்கட்டி அரைமணி நேரம் ஆறவிடுங்கள். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணிக்கொள்ளும்.

கேள்வி: காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று சத்தம். ஏசி போட்டால் ரப்பர் வாடை. இரண்டு மாதம் முன்புதான் ஃபேன் பெல்ட் மாற்றினேன். - வாசகி, மதுரை

பதில்: உங்களுக்கு வருவது அசல் ரப்பர் வாடையேதான். பெல்ட், தான் சுற்றும் சக்கரமான புல்லியில் வழுக்கித் தேய்கிறது. புது பெல்ட்டும் வழுக்கினால் குற்றவாளி பெல்ட் இல்லை. பெல்ட்டை இறுக்கி வைக்கும் டென்ஷனர் தளர்ந்திருக்கலாம், ஏதாவது பேரிங் இறுகியிருக்கலாம், ஆயில் கசிந்து பெல்ட்டில் சொட்டலாம். ஏசி போடும்போது மட்டும் வாடை கூடுவதால் கம்ப்ரஸர் புல்லியை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜினை அணைத்து, பெல்ட்டைக் கழற்றிய பிறகு ஒவ்வொரு புல்லியாகக் கையால் சுற்றினால் எது கரகரக்கிறது என்று தெரிந்துவிடும். சத்தம் போக ஸ்ப்ரே அடித்துத் தரும் கடைகளை நம்பாதீர்கள். பல கார்களில் வாட்டர் பம்ப்பும் இதே பெல்ட்டில்தான் ஓடுகிறது. அறுந்தால் நடுரோட்டில் இன்ஜின் கொதிக்கும்.

கேள்வி: புதுக்கார் எடுத்து மூன்று நாள். பானெட் பக்கம் கருகல் வாடை. ஷோரூமில் 'சரியாகிடும்' என்கிறார்கள். - வாசகர், திருச்சி

பதில்: இந்தத் தடவை அவர்கள் சொல்வது உண்மையாக இருக்கலாம். சைலன்சர் குழாயில் பூசியிருக்கும் பூச்சும் எண்ணெயும் முதல் சில நாள் கருகத்தான் செய்யும். முதல் சர்வீசிலும் வாடை இருந்தால் ஜாப் கார்டில் புகாராக எழுதி, நகல் வாங்கிக்கொள்ளுங்கள். புகை வந்தாலோ வயர் கருகும் நெடி அடித்தாலோ அதுவரை காத்திருக்காமல் உடனே வண்டியை நிறுத்துங்கள்.