சிகாகோவில் அப்பா அம்மாவை எங்கே கூட்டிப்போவது?

தம்பி, சிகாகோ புறநகரான நேப்பர்வில்லுக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, ஜூனில் ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள், ஒவ்வொரு வாரமும் சனி ஞாயிறு மட்டும்தான் கையில், ஐந்தாறு இடங்களுக்குச் சேர்த்து விற்கிற சீட்டை வாங்கிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வாங்காதீர்கள். காலையில் மீன் காட்சியகம், மதியம் கோபுரம், சாயங்காலம் மியூசியம் என்று ஓடுகிறவர்களுக்கானது அது. அறுபதைத் தாண்டியவர்களோடு போகும்போது ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம், பக்கத்திலேயே ஒரு சின்ன இடம், அவ்வளவுதான் முடியும். அதுவும் இந்த ஊரில் நல்லதில் பாதி இலவசம்.

காரை எடுக்காதீர்கள். டவுன்டவுனில் பார்க்கிங்குக்குக் கொடுக்கிற காசில் மூன்று பேரும் வயிறாரச் சாப்பிட்டுவிடலாம். நேப்பர்வில்லில் மெட்ரா புறநகர் ரயில் ஏறினால் நேரே யூனியன் ஸ்டேஷன். வார இறுதியில் ரயில் குறைவு, அதனால் திரும்பும் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டே கிளம்புங்கள்.

காசு போட்டுப் பார்க்க வேண்டியது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் படகைத்தான் சொல்வேன். மிச்சிகன் அவென்யூ பாலத்தடியிலிருந்து கிளம்பும் கட்டடக்கலைப் படகுச் சுற்றுலா, ஒன்றரை மணி நேரம். பாலத்திலிருந்து ஆற்றங்கரைக்கு இறங்கப் படிகள் உண்டு. அம்மாவுக்கு முட்டிவலி என்றால் படி இல்லாத வழி எது என்று முன்பே கேட்டு வையுங்கள். ஏறி உட்கார்ந்துவிட்டால் பிறகு நடையே இல்லை. ஜூன்தானே என்று ஸ்வெட்டரை விட்டுவிட்டுப் போகாதீர்கள், தண்ணீரில் காற்று அடிக்கும்.

வழிகாட்டி அமெரிக்க ஆங்கிலத்தில் மடமடவென்று பேசிக்கொண்டே போவார். அதனால் ரயிலில் போகும்போதே அப்பாவுக்குக் கதையைச் சொல்லிவிடுங்கள். பொதுப்பணித் துறையில் இருந்தவர் என்று எழுதியிருந்தீர்களே, நம்மைவிட அவர் நன்றாக ரசிப்பார். 1871-இல் ஊரின் நடுப்பகுதி தீயில் எரிந்துபோனது. திரும்பக் கட்ட வந்த கூட்டத்தில்தான் உயரமான கட்டடம் என்கிற யோசனையே இங்கே சூடுபிடித்தது. உலகின் முதல் வானளாவி என்று பலரும் சொல்கிற ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடம், 10 மாடி, 1885-இல் இங்கேதான் எழுந்தது. 1931-இல் இடித்துவிட்டார்கள். இன்னொரு கதை இந்த ஆற்றுடையது. அந்தக் காலத்தில் ஊர்ச் சாக்கடை எல்லாம் ஆற்றில் கலந்து, குடிநீர் எடுக்கிற மிச்சிகன் ஏரிக்கே போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. 28 மைல் கால்வாய் வெட்டி, 1900-இல் ஆற்றையே எதிர்த்திசையில் ஓட விட்டார்கள். ஏரித் தண்ணீர் இப்போது ஆற்றுக்குள் வந்து, கடைசியில் மிசிசிப்பியில் போய்ச் சேருகிறது.

மெரினா சிட்டி வரும்போது அம்மாவையும் நிமிர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். சோளக்கதிர் மாதிரி இரண்டு உருளைக் கட்டடங்கள், ஒவ்வொன்றிலும் கீழே 19 மாடி முழுக்கக் கார்கள். சுவர் கிடையாது, வண்டிகளின் பின்பக்கம் ஆற்றைப் பார்த்து விளிம்பில் நிற்கும்.

கோபுரம் ஒன்று போதும். எல்லாரும் வில்லிஸ் டவருக்குத்தான் ஓடுவார்கள். நம் ஆட்கள் இன்னும் சியர்ஸ் என்று பழைய பெயரைத்தான் சொல்கிறோம். 110 மாடி, 1,450 அடி, 1998 வரை உலகிலேயே உயரமான கட்டடம். 103-வது மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று கீழே பார்க்கலாம். வரிசையும் அதற்கேற்ற நீளம். நான் ஹான்காக் கட்டடத்தைச் சொல்வேன். 94-வது மாடி, ஒரு பக்கம் ஏரி, இன்னொரு பக்கம் வில்லிஸே காட்சிக்குள் வந்துவிடும். வெளிப்புறத்தில் ஓடுகிற பெரிய பெருக்கல் குறி இரும்புகள் அழகுக்காக வைத்ததில்லை, காற்றின் தள்ளுவிசையைத் தாங்குபவை. இரண்டு கட்டடத்துக்கும் பொறியாளர் டாக்காவில் பிறந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான். டிக்கெட்டை வாரக்கணக்கில் முன்கூட்டி எடுக்க வேண்டாம். மேகம் இறங்கிவிட்டால் மேலே வெறும் வெள்ளைதான்.

அடுத்த வாரம் ஆர்ட் இன்ஸ்டிட்யூட் என்கிற கலை மியூசியம். வாசலில் இரண்டு வெண்கலச் சிங்கங்கள் நிற்கும் கட்டடம். 1893 செப்டம்பர் 11 அன்று விவேகானந்தர் சர்வமதப் பேரவையில் பேசியது இங்கேதான். அன்று பேசிய தற்காலிக அரங்கம் இப்போது இல்லை, கட்டடம் அதேதான். வாசலை ஒட்டிய சாலைப் பகுதிக்கு அவர் பெயரைக் கௌரவப் பெயராக வைத்திருக்கிறார்கள், பலகையைத் தேடிப் பார்த்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் அவருடைய சீடர் அளசிங்கப் பெருமாளும் கூட்டாளிகளும் வீடு வீடாகப் போய்ப் பணம் சேர்த்திராவிட்டால் விவேகானந்தர் கப்பல் ஏறியிருப்பாரா என்பதே சந்தேகம்.

உள்ளே எல்லாரும் ஹாப்பரின் 'நைட்ஹாக்ஸ்' ஓவியத்தின் முன்னால் நிற்பார்கள். நீங்களும் நில்லுங்கள், நல்ல படம்தான். ஆனால் முதலில் இந்தியப் பிரிவுக்குப் போய்விடுங்கள். ஐந்தடிக்கு மேல் உயரத்தில் ஒரு கருங்கல் புத்தர் தியானத்தில் உட்கார்ந்திருப்பார். ஊர் நாகப்பட்டினம், 12-ஆம் நூற்றாண்டு, சோழர் காலம். ஸ்ரீவிஜய அரசர் அங்கே கட்டிய சூடாமணி விகாரம் என்கிற புத்த மடத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் கிராமத்தைத் தானமாகக் கொடுத்த செப்பேடு, ஹாலந்தில் உள்ள லைடனுக்குப் போனதால் லைடன் செப்பேடு என்றே பெயர் பெற்றது. நாகையில் இப்படி பௌத்தம் இருந்தது என்பதே நம்மில் பலருக்குச் செய்தி. சோழர் கால நடராஜரும் உண்டு. அங்கே அப்பாவை அவசரப்படுத்தாதீர்கள். சக்கர நாற்காலி கேட்டால் இலவசமாகவே தருவார்கள்.

வெளியே வந்தால் பக்கத்திலேயே மிலேனியம் பார்க், காசு இல்லை. அனிஷ் கபூர் செய்த, பீன் என்று எல்லாரும் சொல்கிற பளபளக்கும் எஃகுச் சிற்பத்தின் முன்னால் எல்லாரையும்போல நீங்களும் படம் எடுங்கள். அம்மாவுக்கு எனக்குத் தெரிந்து இன்னும் பிடிக்கப்போவது கிரவுன் ஃபவுண்டன். ஐம்பதடி உயரத்தில் இரண்டு கண்ணாடிக்கல் தூண்கள், அதில் இந்த ஊர்க்காரர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வரும். முகம் மெல்ல உதட்டைக் குவிக்கும், வாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சும், கீழே பிள்ளைகள் கூச்சல் போடும். கழிவறை தேட வேண்டி வந்தால் எதிரே கல்ச்சுரல் சென்டர். பழைய பொது நூலகம், 1897-இல் திறந்தது, இதுவும் இலவசம். அப்படியே மேலே போய் டிஃபனி கண்ணாடிக் குவிமாடத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

மூன்றாவது வாரம் தெம்பு இருந்தால் ஃபீல்டு மியூசியம். சூ என்று பெயர் வைத்த டைனோசர் எலும்புக்கூடு இருக்கிறது. 1898-இல் கென்யாவில் ரயில் பாதை போடப் போன இந்தியக் கூலிகளை அடித்துத் தின்ற சாவோ சிங்கங்கள் இரண்டையும் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் இல்லாமல் ஷெட் மீன் காட்சியகம் தேவையில்லை. ஆட்லர் கோளரங்கத்துக்கு உள்ளே போகாவிட்டாலும் வெளியே கரையில் போய் நில்லுங்கள், மொத்த ஊரும் ஏரிக்குப் பின்னால் வரிசையாகத் தெரியும். இல்லினாய்வாசிகளுக்கு மியூசியம் இலவசம் என்று யாராவது சொன்னால், அது குறிப்பிட்ட சில நாட்களில், இங்கே முகவரி உள்ளவர்களுக்கு மட்டும். அப்பா அம்மாவுக்குச் சீட்டு எடுத்தே ஆக வேண்டும்.

இந்தியக் கடைத்தெருவான டெவான் அவென்யூவை விட்டுவிடலாம், உங்கள் பக்கத்திலேயே எல்லாக் கடையும் இருக்கிறது. அரோரா பாலாஜி கோயில், லெமான்ட் ராமர் கோயில் இரண்டும் உங்களுக்குக் கிட்டத்தான், அவற்றை வேலை நாள் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏரிக்குள் நீளும் கேளிக்கைத் துறையான நேவி பியர் பகலில் வெறும் சந்தடி. கோடையில் புதன், சனி இரவுகளில் வாணவேடிக்கை உண்டு, அதற்குப் போகலாம். கடைசி மெட்ரா எத்தனை மணிக்கு என்று மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.