தாழ்த்தப்பட்ட பிக்கப் வண்டியின் சஸ்பென்ஷனில் எதை முதலில் மாற்ற வேண்டும்?

உயரம் குறைக்கப்பட்ட பிக்கப் வண்டி சிறு மேட்டிலும் அடிபடுகிறது, பின்பக்கம் துள்ளுகிறது, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்பிரிங்கைத் தொடுவதற்கு முன், அச்சு மேலே எழுவதற்கு எவ்வளவு இடம் மிஞ்சியிருக்கிறது என்பதை அளந்து பாருங்கள்.

வண்டியைத் தாழ்த்தும்போது சக்கரம் மேலெழக்கூடிய தூரம் குறைகிறது. பழைய நீளமுள்ள ஷாக் அப்சார்பர் ஏற்கெனவே பாதி சுருங்கிய நிலையிலேயே இயங்குவதால், ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினாலே அதன் ஓட்டம் முடிந்து, அடி நேராக வண்டியின் அடிச்சட்டத்துக்குப் போய்ச் சேர்கிறது. ஆகவே தாழ்ந்த உயரத்துக்கென்றே செய்யப்பட்ட குட்டையான ஷாக்கும், அச்சு சட்டத்தில் நேராக மோதாமல் தாங்கும், உயரம் குறைந்த பம்ப் ஸ்டாப் ரப்பரும்தான் முதல் செலவாக இருக்க வேண்டும்.

பின்புறத்தில் பட்டை ஸ்பிரிங்குக்குக் கீழிருந்த அச்சை அதன் மேலே மாற்றிப் பொருத்தியிருந்தால், அச்சு சட்டத்தை இடிக்காதபடி சட்டத்தில் வளைவாக வெட்டி, அந்த இடத்தை உறுதியான இரும்புத் தகட்டால் வலுப்படுத்துவது அவசியம். வலுப்படுத்தாமல் வெட்டுவது ஆபத்தானது. டிஃபரென்ஷியலின் (பின் அச்சின் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டி) சாய்வுக் கோணம் மாறியிருந்தால், அதற்குச் சுழற்சியைக் கொண்டுவரும் நீளத் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட் அதிரும். ஆப்புத் தகடுகளால் அதைச் சரிசெய்யலாம்.

முன்புறத்தில் காயில் ஸ்பிரிங்கை வெட்டுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். தாழ்வான ஸ்பிண்டில் (முன்சக்கரத்தைத் தாங்கும் பாகம்) பொருத்தினால் ஸ்பிரிங்கின் ஓட்டம் குறையாமலேயே உயரம் குறையும். பின்னர் வீல் அலைன்மென்ட் கட்டாயம். அடிக்கடி பாரம் ஏற்றுபவராக இருந்தால், பின்புற ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றாமல், பாரத்தைத் தாங்க உதவும் துணைக் காற்றுப் பைகளைச் சேர்ப்பதே நல்லது. ஆனால் அவை வண்டியின் அனுமதிக்கப்பட்ட சுமை அளவை உயர்த்துவதில்லை.