வேரே இல்லாத ஆர்க்கிட்டை எப்படிப் பிழைக்கவைப்பது?

கேள்வி: கோவையில் மாடியில் நிழல்வலைக்கு அடியில் ஃபெலநாப்சிஸ் ஆர்க்கிட் வளர்க்கிறேன். பூ முடிந்த பிறகு இலைகள் துவண்டு சுருங்கிவிட்டன. தினமும் தண்ணீர் விட்டும் தேறவில்லை. தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தால் வேரெல்லாம் அழுகிக் கிடக்கிறது. காப்பாற்ற முடியுமா?

பதில்: குருத்தும் தண்டும் கெடாமல் இருந்தால் முடியும். தண்ணீரை இன்றே நிறுத்துங்கள். இலை துவள்வது தாகத்தால்தான். ஆனால் உறிஞ்ச வேர் இல்லாதபோது, ஊற்றுகிற தண்ணீர் தண்டின் அடியைத்தான் அழுகவைக்கும். வேர் வரும்வரை இலையில் இருக்கும் ஈரம் வெளியே போகாமல் காப்பதே வேலை.

அழுகல் தொடங்கிய இடம் பெரும்பாலும் வேர்க்கொத்தின் நடுவில் இருக்கும். நாற்றுப் பருவத்தில் வைத்த பாசி உருண்டையை நர்சரியில் எடுக்காமலே பெரிய தொட்டிக்கு மாற்றிவிடுவார்கள். மேலே இருக்கும் ஊடகம் (மண்ணுக்குப் பதிலாகத் தொட்டியில் இடும் பொருள்) காய்ந்தாலும் அந்த உருண்டை சொதசொதவென்றே இருக்கும். அதைப் பிய்த்து எடுத்துவிடுங்கள்.

பிறகு ஒவ்வொரு வேராக அழுத்திப் பாருங்கள். அழுகிய வேரின் தோல் உருவிக்கொண்டு வரும், நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சும். அதை வெட்டிவிடலாம். நிறம் மங்கியிருந்தாலும் கெட்டியாக இருக்கும் வேரைத் தொடாதீர்கள், அரை விரல் நீளமானாலும் சரி. தீயில் காட்டி ஆறிய பிளேடால் தண்டின் அடியையும் மெல்லிசாகச் சீவுங்கள். வெட்டுமுகம் வெளிர்பச்சையாகத் தெரிய வேண்டும். இலையடி வரை சீவியும் பழுப்போ ஊதா வளையமோ மறையவில்லை என்றால் செடியைத் தூக்கிப் போடுவதே நல்லது. பக்கத்துச் செடிக்கும் பரவலாம். பூத்தண்டு இருந்தால் வெட்டிவிடுங்கள். மஞ்சளாகும் கீழ் இலையைப் பிய்க்க வேண்டாம், அதிலிருக்கும் சத்தையும் நீரையும் செடி எடுத்துக்கொள்ளும்.

லிட்டருக்கு 1 கிராம் கார்பென்டசிம் என்ற பூஞ்சணக்கொல்லியைக் கரைத்து, அடிப்பகுதியை மட்டும் 10 நிமிடம் நனையவிடுங்கள். குருத்துக்குள் கரைசல் இறங்கக் கூடாது. கையுறை அவசியம். ஓர் இரவு நிழலில் காயவிடுங்கள். இலவங்கப்பட்டைத் தூள் தடவச் சொல்வார்கள். இலை வெட்டுக்குப் பரவாயில்லை, வேரில் பட்டால் இருப்பதையும் உலர்த்திவிடும்.

ஸ்பாக்னம் பாசியை அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு சொட்டும் விழாத அளவுக்கு ஒட்டப் பிழியுங்கள். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டப்பாவில் 3 செ.மீ. உயரத்துக்குப் பரப்பி, செடியைப் புதைக்காமல் மேலே உட்காரவைத்து மூடுங்கள். வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் கூடாது. மூடிய டப்பாவில் கொஞ்ச நேரம் வெயில் பட்டாலே செடி வெந்துவிடும். மூன்று நாளுக்கு ஒருமுறை பத்து நிமிடம் திறந்துவையுங்கள். சுவரில் பனி போல ஈரம் படிந்தால் சரியான அளவு. அடியில் தண்ணீர் தேங்கினால் அதிகம். குருத்தில் துளி நின்றால் டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுங்கள், பூஞ்சணம் தெரிந்தால் பாசியை மாற்றுங்கள். உரமும் சர்க்கரைத் தண்ணீரும் இப்போது வேண்டாம். சர்க்கரை பூஞ்சணத்துக்குத்தான் தீனி.

ஆறு வாரம் முதல் மூன்று மாதத்துக்குள், குளிர் காலமானால் இன்னும் தாமதமாக, இலையடியைப் பிளந்துகொண்டு பச்சை முனை எட்டிப் பார்க்கும். இரண்டு மூன்று வேர்கள் 4–5 செ.மீ. வளர்ந்ததும், மூடியை நாளுக்கு நாள் கூடுதலாகத் திறந்து ஒரு வாரம் பழக்குங்கள். அதன்பின் நிறைய துளையுள்ள 4 அங்குலத் தொட்டியில், இரண்டு நாள் ஊறி அலசிய தேங்காய்மட்டைத் துண்டும் அடுப்புக்கரித் துண்டும் சம அளவில் இட்டு நடுங்கள். தென்னை நார்க்கழிவு நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும், வேண்டாம். செடி ஆடினால் வேர்முனை உராய்ந்து கருகும், குச்சி கட்டுங்கள்.

உப்பு மிகுந்த போர் தண்ணீர் ஆகாது. மழைநீர் நல்லது, சிறுவாணித் தண்ணீர் வந்தால் அதுவே போதும். ஊடகம் காய்ந்ததும் விடுங்கள். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19 உரம் லிட்டருக்கு அரை கிராம், 15 நாளுக்கு ஒருமுறை.

சுருங்கிய பழைய இலை முழுதாக நிமிராது. புது இலை விறைப்பாக வருகிறதா என்று பாருங்கள். அதற்கு முன்பே பூத்தண்டு தலைகாட்டினால் தயங்காமல் கிள்ளிவிடுங்கள்.