அரசனோடு நின்றவர்கள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க விடுதலைப் போர் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். பிரிட்டிஷ் அரசன் பக்கம் நின்ற குடியேறிகளை 'அரச விசுவாசிகள்' என்று எழுதியிருக்கிறீர்கள். சொந்த மண் விடுதலைக்குப் போராடும்போது அன்னியனோடு சேர்ந்துகொண்டவனுக்குத் துரோகி என்று நம் மொழியில் நேரான சொல் இருக்கிறதே, ஏன் இந்தத் தயக்கம்? குடியேறிகளில் மூன்றில் ஒரு பங்கினர் புரட்சியை எதிர்த்தார்கள், இன்னொரு பங்கினர் ஒதுங்கி நின்றார்கள் என்று புரட்சித் தலைவர்களில் ஒருவரான ஜான் ஆடம்ஸே எழுதியதாக எங்கோ படித்திருக்கிறேன். அப்படியென்றால் அந்தப் போரை எப்படி வென்றார்கள்?

அன்புடன்,
கே.எஸ்.

அன்புள்ள கே.எஸ்.,

தயக்கம் இல்லை. யோசித்துத்தான் அந்தச் சொல்லைத் தவிர்த்தேன். 'அன்னியன்' என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. 1775ல் பாஸ்டனில் கடை வைத்திருந்தவருக்கோ நியூயார்க்கில் நிலம் உழுதவருக்கோ மூன்றாம் ஜார்ஜ் அன்னியன் அல்ல, அவர்களுடைய அரசன். அமெரிக்கா என்றொரு நாடு அப்போது இல்லை. 13 காலனிகள் இருந்தன. விடுதலை அறிவிப்பு வந்த 1776 ஜூலைக்கு முன்னால் சட்டத்தின் கண்ணில் துரோகம் செய்தவர்கள் புரட்சிப் படைத் தளபதி ஜார்ஜ் வாஷிங்டனும் ஆடம்ஸும்தான். அரச விசுவாசி நேற்று நின்ற இடத்திலேயே இன்றும் நின்றார். அவர் காலுக்குக் கீழே நாடு மாறிவிட்டது.

ஆடம்ஸ் கணக்கைப் பற்றி ஒரு திருத்தம். நீங்கள் குறிப்பிடும் வரிகள் அவர் 1815ல் எழுதிய ஒரு கடிதத்தில் வருகின்றன. அங்கே அவர் பேசுவது பிரெஞ்சுப் புரட்சியை அமெரிக்கர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதைப் பற்றி. வெள்ளையர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு அரச விசுவாசிகள் இருந்திருக்கலாம் என்பதுதான் இன்று வரலாற்றாசிரியர்கள் பலரும் ஏற்கும் மதிப்பீடு. அதுவே பெரிய எண்ணிக்கை. எந்தத் தெருவிலும் ஐந்தாறு வீட்டுக்கு ஒரு வீடு.

சில இடங்களில் ஒரே வீட்டுக்குள் இருவர். புரட்சியின் பெரிய தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளினின் மகன் வில்லியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1752ல் இடிமழையில் பட்டம் விட்டு மின்னலைச் சோதித்தபோது தந்தையின் அருகே நின்றவர் அவர். தந்தையின் செல்வாக்கால்தான் நியூஜெர்சியின் ஆளுநர் பதவி அவருக்குக் கிடைத்தது. அன்றைய பெஞ்சமின் பேரரசைப் பெரிதும் நம்பியவர், உடையாமல் அதைக் காப்பாற்ற 1775 தொடக்கம் வரை லண்டனில் மன்றாடியவர். மகன் கடைசிவரை நின்ற இடம் தந்தை ஒரு காலத்தில் நின்ற இடம்தான். எனக்கு இந்தக் கதையில் மிகவும் வலிப்பது இதுதான்.

1776 ஜூனில் வில்லியத்தைக் கைது செய்து கனெக்டிகட்டுக்குக் கொண்டுபோனார்கள். பல மாதங்கள் தனிச் சிறை. 1777ல் அவர் மனைவி நியூயார்க்கில் சாகக் கிடந்தார். போய்ப் பார்க்க அனுமதி கேட்டு வாஷிங்டனுக்கு எழுதினார். வாஷிங்டன் அதைக் காலனிகளின் பிரதிநிதிகள் கூடிய காங்கிரஸுக்கு அனுப்பினார், காங்கிரஸ் மறுத்தது. மனைவி இறந்துபோனார். 1778ல் கைதிகள் பரிமாற்றத்தில் வெளியே வந்த வில்லியம் பழைய வில்லியம் அல்ல. அவர் தலைமையில் இயங்கிய அரச விசுவாசிகள் 1782ல் ஜோஷுவா ஹடி என்ற நியூஜெர்சி படைத் தலைவரைத் தூக்கிலிட்டார்கள். வில்லியத்தைக் குற்றமற்றவர் என்று நான் சொல்லவில்லை.

போர் முடிந்ததும் 1784ல் மகன் சமாதானம் தேடி எழுதினார். இந்த முதுமையில் என் ஒரே மகன் என்னைக் கைவிட்டதைப்போல வேறெதுவும் என்னைப் புண்படுத்தவில்லை, எனக்கெதிராக ஆயுதமும் எடுத்தாய் என்று தந்தை பதில் எழுதினார். அரசியல் கடமைகளுக்கு முந்திய இயற்கைக் கடமைகள் உண்டு என்று அதே கடிதத்தில் சொல்கிறார். அரசனுக்குத் தான் செலுத்திய விசுவாசத்தை முறித்துக்கொண்ட மனிதர் மகனிடம் கேட்டது விசுவாசத்தை. 1785ல் சவுத்தாம்ப்டனில் கடைசியாகச் சந்தித்தார்கள், பெரும்பாலும் சொத்துக் கணக்கு முடிக்க. 1790ல் பெஞ்சமின் இறந்தபோது உயிலில் மகனுக்கு இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் கொஞ்சம் நிலம், ஏற்கெனவே அவர் கையில் இருந்த புத்தகங்கள், பழைய கடன் தள்ளுபடி, அவ்வளவுதான். போரில் அவன் எனக்கெதிராகச் செய்தது ஊரறிந்தது, அதனால்தான் இவ்வளவே என்று காரணமும் எழுதிவைத்தார்.

பிராங்க்ளினின் நண்பர் ஜோசப் கேலோவே கதையும் உங்கள் கேள்விக்குத் தொடர்புடையது. அவரும் லண்டன் நடந்துகொண்ட விதத்தில் அதிருப்தி கொண்டவர். 1774ல் காலனிகளின் முதல் கண்டக் காங்கிரஸில் அவர் ஒரு சமரசத் திட்டம் வைத்தார்: அமெரிக்கர்களுக்கென்று தனிப் பேரவை, மேலே அரசன் நியமிக்கும் தலைவர். ஒரே ஒரு காலனியின் வாக்கு வித்தியாசத்தில் அது ஒத்திவைக்கப்பட்டது. பிறகு நடவடிக்கைக் குறிப்பிலிருந்தே நீக்கிவிட்டார்கள். 1777ல் பிரிட்டிஷ் படை பிலடெல்பியாவைப் பிடித்தபோது அதன் நிர்வாகத்தை ஏற்றார். 1778 ஜூனில் படை நகரத்தை விட்டுப் போனது. அவரும் மகளும் கூடவே கிளம்பிவிட்டார்கள். மனைவி கிரேஸ் மட்டும் பிறந்த வீட்டுச் சொத்தைக் காப்பாற்றப் பின்தங்கினார். கணவரின் குற்றத்துக்காக அந்த ஆகஸ்டிலேயே வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டார். அவர் எழுதிய நாட்குறிப்பு இன்றும் இருக்கிறது. கணவரையும் மகளையும் மறுபடி பார்க்காமலேயே 1782ல் இறந்தார்.

எப்படி வென்றார்கள் என்று கேட்டீர்களே, பதிலின் ஒரு பகுதி இந்த பிலடெல்பியாவிலேயே இருக்கிறது. பிரிட்டிஷ் படை வரும், போகும். நம்பி வெளியே வந்தவர்களை விட்டுவிட்டுப் போகும். புரட்சிக் குழுக்களோ ஊரிலேயே இருந்தன. யார் புரட்சிக்கு உறுதிமொழி எடுத்தார், யார் எடுக்கவில்லை என்று பெயர்ப் பட்டியல் வைத்திருந்தன. தார் பூசி இறகு ஒட்டி ஊர்வலம் விட்டதும் உண்டு. பிரான்ஸின் பணமும் கப்பல்களும் இல்லாமல் வெற்றி இல்லை என்பது வேறு விஷயம். ஆனால் ஒதுங்கி நின்றவன் எந்தப் பக்கம் சாய்வான் என்பதைத் தீர்மானித்தது பெரும்பாலும் பக்கத்து வீடு. 1780 அக்டோபர் 7ல் தென் எல்லைப்புறத்தில் கிங்ஸ் மவுண்டனில் நடந்த சண்டையில், அரச விசுவாசிகளுக்குத் தலைமை தாங்கிய பேட்ரிக் பெர்குசன் தவிர ஏறக்குறைய எல்லோருமே அமெரிக்கர்கள். வென்ற புரட்சியாளர்கள் சரணடைந்தவர்களையும் சுட்டார்கள். சில நாள் கழித்து ஒன்பது பேரைத் தூக்கிலிட்டார்கள்.

இனி, உங்கள் சொல் முழுக்க உடைந்துபோகும் இடம். 1775 நவம்பரில் வர்ஜீனியாவின் ஆளுநர் டன்மோர், புரட்சியாளர்களின் அடிமைகள் தப்பி வந்து அரசனுக்காக ஆயுதம் ஏந்தினால் விடுதலை என்று அறிவித்தார். அதில் அறம் ஒன்றும் இல்லை. தன் பக்கத்து எஜமானர்களின் அடிமைகளை பிரிட்டன் விடுவிக்கவில்லை, போர் முடிந்து வெளியேறியபோது அவர்களையும் அடிமைகளாகவே ஆயிரக்கணக்கில் கூட்டிக்கொண்டு போனது. ஆனாலும் ஒரு கறுப்பின மனிதனுக்கு விடுதலை என்ற சொல் அன்று எந்தப் பக்கத்திலிருந்து கேட்டது?

ஹாரி வாஷிங்டன் என்பவர் ஆப்பிரிக்காவில் பிறந்தவர், ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் பண்ணையில் அடிமை. தப்பியோடி பிரிட்டிஷ் பக்கம் சேர்ந்தார். 1783 மே மாதம் பிரிட்டிஷ் தளபதி கை கார்ல்டனைச் சந்தித்த வாஷிங்டன், தப்பிய அடிமைகளைத் திருப்பித் தரச் சொன்னார். கொடுத்த வாக்கை மீற முடியாது என்று கார்ல்டன் மறுத்துவிட்டார். நியூயார்க்கிலிருந்து கப்பலேறிய ஏறக்குறைய 3,000 கறுப்பின மக்களின் பெயர்கள் ஒரு பேரேட்டில் இருக்கின்றன. ஹாரியின் பெயரும் அதில் உண்டு. நோவா ஸ்கோஷியாவில் சொன்ன நிலம் ஒழுங்காகக் கிடைக்கவில்லை, குளிரும் பசியும்தான் கிடைத்தன. 1792ல் சுமார் 1,200 பேர் 15 கப்பல்களில் மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்குப் போய் ஃப்ரீடவுனை அமைத்தார்கள். அங்கே ஆண்ட பிரிட்டிஷ் கம்பெனி அவர்கள் நிலத்துக்கு வரி கேட்டது. 1800ல் அவர்களில் ஒரு பகுதியினர் கிளர்ந்தெழுந்தார்கள். ஹாரி வாஷிங்டனும் அவர்களோடு இருந்தார். பிடித்து விசாரித்து ஊரைவிட்டு நாடுகடத்தினார்கள்.

ஜார்ஜ் வாஷிங்டனைவிட்டு அரசனிடம் ஓடியவர், பிறகு அரசனின் கம்பெனிக்கு எதிராக எழுந்தவர். உங்கள் கடிதத்தில் உள்ள சொற்களில் எது இவருக்குப் பொருந்தும் என்று யோசித்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.